கணக்கில் இல்லாத அழுக்கு

மெரைன் எஞ்சினியரிங் மாணவர்களின் வெப்பவியல் பாடநூலில் அடிக்கடி தென்படும் கணக்கு ஒன்று உண்டு. கூலர் ஒன்றில் நன்னீர் 46 டிகிரி செல்சியஸில் நுழைந்து 36 டிகிரியில் வெளியேறுகிறது. எதிர்த்திசையில் கடல்நீர் 32 டிகிரியில் நுழைந்து 40 டிகிரியில் வெளியேறுகிறது. கடத்த வேண்டிய வெப்பமும் வெப்பமாற்றுக் கெழுவும் கொடுக்கப்பட்டுள்ளன. தேவையான பரப்பளவைக் கண்டுபிடி. சூத்திரம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

கப்பலில் ஏறியதும் இதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கூலரின் பரப்பளவு கப்பல் கட்டியபோதே முடிவானது, யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. நான்கு வெப்பநிலைகளையும் ஒவ்வொரு வாட்ச்சிலும் லாக் புத்தகத்தில் எழுதுகிறார்கள். தெரியாதது அந்தக் கெழு மட்டும்தான். பாடநூல் தாராளமாக எடுத்துக் கொடுத்துவிட்ட அந்த எண்தான் கடலில் நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருக்கிறது. பாசி, உப்பு, கரி, எண்ணெய் என்று ஏதோ ஒன்று உலோகத்தின் மேல் மெல்லப் படிகிறது. அந்தப் படலத்தின் கனத்தை யாரும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது. வெப்பநிலைகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். இந்தியாவில் கிளாஸ் ஃபோர், கிளாஸ் டூ என்று தேர்வெழுதி மேலே வரும் இளைஞர்களுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கையே முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் பிடிபட வேண்டும். 2006-இல் கடலுக்கு வந்த எம்மா மேர்ஸ்க் என்ற கண்டெய்னர் கப்பலின் பிரதான எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பதினான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 96 சென்டிமீட்டர். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரம் இரண்டரை மீட்டர். எடை 2,300 டன். நிமிடத்துக்கு 102 சுற்று என்ற நிதானமான வேகத்தில் சுழன்று 80,000 கிலோவாட்டைப் புரொப்பெல்லருக்குத் தரும். அதற்கு மணிக்கு 13 டன்னுக்கு மேல் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயில் உள்ள வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி சுழற்சியாக மாறுகிறது. வெப்ப எஞ்சின்களின் வரலாற்றில் இது மிக உயர்ந்த தேர்ச்சிகளில் ஒன்று.

மற்ற பாதி எங்கே போகிறது? மொத்த வெப்பத்தில் கால் பங்கு புகையோடு போகிறது. ஆறில் ஒரு பங்கு, சிலிண்டருக்குள் தள்ளப்படும் காற்றைக் குளிர்விக்கும் தண்ணீரோடு போகிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் வாட்டர் ஐந்தாறு சதவீதத்தையும், லூப் ஆயில் மூன்று சதவீதம் அளவையும் எடுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் எஞ்சின் ரூமின் காற்றைச் சூடாக்குகிறது. இந்த எஞ்சினில் மட்டும் இப்படி வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 80 மெகாவாட். இவ்வளவையும் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும்.

அதற்கான பதிலை 1824-இலேயே சாதி கார்னோ என்ற இளம் பிரெஞ்சு எஞ்சினியர் எழுதிவைத்துவிட்டார். வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது, எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. அது எந்த வெப்பநிலையில் இருக்கிறது, எந்த வெப்பநிலைக்கு இறங்குகிறது என்ற இரண்டைத்தான் பொறுத்தது. கடல் 30 டிகிரியில் இருக்கட்டும். 85 டிகிரியில் வெளிவரும் ஜாக்கெட் வாட்டரின் வெப்பத்தில், குறையே இல்லாத எஞ்சின் ஒன்று கிடைத்தாலும், 15 சதவீதத்துக்குமேல் வேலையாக மாற்ற முடியாது. டர்போசார்ஜரைத் தாண்டி 240 டிகிரியில் வரும் புகையிடம் அதே எல்லை 41 சதவீதம். ஆகவே புகையின் ஒரு கிலோஜூலுக்கும் ஜாக்கெட் வாட்டரின் ஒரு கிலோஜூலுக்கும் மதிப்பு ஒன்றாகாது. எஞ்சினியர் காக்க வேண்டிய சொத்து வெப்பநிலை வேறுபாடு.

மியூனிக்கில் குளிர்பதன முன்னோடி கார்ல் ஃபான் லிண்டேயிடம் படித்த ருடால்ஃப் டீசலின் மனத்தில் கார்னோவின் இந்த எல்லை ஆழமாகப் பதிந்தது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே கிடந்தன. காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைத்தால் மேல் வெப்பநிலையை உயர்த்தலாம் என்று அவர் கணக்கிட்டார். 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய எஞ்சின் 26.2 சதவீதத் திறனைக் காட்டியது. பதினைந்தே ஆண்டுகளில், 1912-இல், கோபன்ஹேகனில் கட்டிய செலாண்டியா என்ற டீசல் கப்பல் பாங்காக் வரை போனது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. எஞ்சின் புகையை ஒரு கொடிமரத்தின் வழியே வெளியே விட்டார்கள்.

அழுத்தத்தையும் மேல் வெப்பநிலையையும் உயர்த்தியபோது வேறொரு சிக்கல் பிறந்தது. எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 1,500 டிகிரியைத் தாண்டும். சிலிண்டர் லைனர் வார்ப்பிரும்பு. அது 1,200 டிகிரி அளவில் உருகிவிடும். அப்படியிருந்தும் அந்த லைனர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது, அதன் உள்முகம் இருநூறு டிகிரியை ஒட்டியே நிற்கிறது. எப்படி?

ஒரு காரணம், ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்த காற்று உள்ளே வந்து சுவரைத் தழுவிப் போகிறது. இன்னொரு காரணம்தான் வெப்பமாற்றப் பாடத்தின் உயிர். வெப்பம் வாயுவிலிருந்து தண்ணீருக்குப் போக மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்: சுவரை ஒட்டி மெல்லியதாகத் தேங்கும் வாயுப் படலம், இரும்பு, மறுபக்கத்துத் தண்ணீர்ப் படலம். வாயு வெப்பத்தைக் கடத்துவதில் படு மோசம். ஆகவே மொத்த வெப்பநிலைச் சரிவில் பெரும்பகுதி அந்த முதல் படலத்திலேயே நிகழ்ந்து முடிகிறது. தண்ணீர்ப் பக்கத்தில் தடை சொற்பம். அதனால் இரும்பு தண்ணீரின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருந்துவிடுகிறது.

இரும்பைத் தடிமனாக்கினால் 150 பாருக்கு மேல் வரும் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் வெப்பநிலை வேறுபாடு கூடி, லைனர் விரிசல் விடும். மெல்லியதாக்கினால் வெப்பம் சுலபமாகக் கடக்கும், அழுத்தம் பிளந்துவிடும். இந்த இழுபறியை எஞ்சின் கட்டுபவர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. லைனரின் மேல்பகுதியைத் தடித்த வளையமாகவே விட்டுவிட்டு, உள்முகத்துக்கு அருகில் சாய்வாகத் துளைகள் போட்டு அவற்றின் வழியே தண்ணீரை ஓட்டினார்கள். அழுத்தத்தைத் தாங்குவது முழுத் தடிமன். வெப்பம் கடப்பது துளைவரை உள்ள சிறு தூரம். போர் கூலிங் என்று பெயர்.

இனி அழுக்குக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன கூலரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு முனையில் 46-க்கும் 40-க்கும் இடையே 6 டிகிரி வேறுபாடு. மறுமுனையில் 36-க்கும் 32-க்கும் இடையே 4 டிகிரி. மடக்கைச் சராசரி எடுத்தால் 4.9 டிகிரி. இந்த ஐந்து டிகிரிகூட இல்லாத வேறுபாட்டை நம்பித்தான் எஞ்சின் ரூமின் குளிர்நீர் சுமக்கும் கழிவு வெப்பம் முழுவதும் கடலுக்குப் போகிறது. கூலருக்குள் இருப்பவை அரை மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியத் தகடுகள். சுத்தமாக இருக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில் 4,000 வாட் கடக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீர்ப் பக்கத்தில் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு வழவழப்பான உயிர்ப்படலம் படிகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கடத்துதிறனும் தண்ணீரைப் போலவே 0.6. கணக்கைப் போட்டால் 4,000 என்பது 2,400 ஆகிவிடுகிறது. ஒரு காகிதத்தின் கனமுள்ள வழுக்கல் நாற்பது சதவீதத்தை விழுங்கிவிட்டது.

எஞ்சின் அதே வெப்பத்தைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். கடல்நீரின் வெப்பநிலையை நம்மால் மாற்ற முடியாது. அப்படியானால் சராசரி வேறுபாடு 4.9-இலிருந்து 8.2-க்கு உயர்ந்தாக வேண்டும். அதற்கு நன்னீர் முழுவதும் மூன்று டிகிரிக்குமேல் சூடாகும். 36 கேட்ட இடத்தில் 39 வரும். வடகடலின் குளிர்ந்த நீரில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கே மூன்றுவழி வால்வு பாதித் தண்ணீரைக் கூலருக்குள் அனுப்பாமலே சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். கோடையில் பாரசீக வளைகுடாவுக்குள் நுழையும்போது கடல்நீரே 35 டிகிரியை நெருங்கும். வால்வு முழுதாகத் திறந்தபிறகும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அன்றுதான் மாதக்கணக்காகப் படிந்த படலம் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வாராவாரம் குறித்துவைத்திருக்கும் செகண்ட் எஞ்சினியருக்கு மட்டும் இது முன்னமே தெரிந்திருக்கும்.

பாய்லரில் இதே அழுக்கு வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அது இன்னும் ஆபத்தானது. தீச்சுவாலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஆயிரம் டிகிரிக்குமேல் வேறுபாடு இருக்கிறது. லைனரில் பார்த்ததுபோல இங்கேயும் தடை பெரும்பாலும் வாயுப் பக்கத்தில்தான். குழாயின் உள்ளே தண்ணீர்ப் பக்கத்தில் ஏதாவது படிந்தாலும் கடக்கும் வெப்பம் பெரிதாகக் குறையாது. நீராவி வழக்கம்போல வரும், மீட்டர்கள் எதையும் சொல்லாது. ஆனால் குழாயின் உலோகம் சூடேறிக்கொண்டிருக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 200 கிலோவாட் வெப்பம் பாய்கிறது. நான்கு மில்லிமீட்டர் எஃகுக் குழாயைக் கடக்க அதற்கு 16 டிகிரி வேறுபாடு போதும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு இருந்தால், அதைக் கடக்க மட்டும் 100 டிகிரி வேண்டும். 0.1 மில்லிமீட்டர் எண்ணெய்ப் படலம் இருந்தால் 140 டிகிரிக்குமேல் வேண்டும். எண்ணெயின் கடத்துதிறன் அவ்வளவு குறைவு. ஏழு பார் பாய்லரில் தண்ணீர் 170 டிகிரியில் கொதிக்கிறது. சுத்தமான குழாயின் சுவர் 200 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்த எண்ணெய்ப் படலம் சேர்ந்தால் 340-ஐத் தொடும். படலம் இரட்டிப்பானால் 480. அந்த வெப்பநிலையில் சாதாரண எஃகு தன் வலுவை இழக்கத் தொடங்கி, உள்ளழுத்தத்தில் குழாய் மெல்லப் புடைக்கும், பிறகு வெடிக்கும்.

பாய்லர் தண்ணீருக்குள் எண்ணெய் எப்படி வரும்? கனரக எண்ணெய் குளிர்ந்தால் இறுகிப்போகும். அதைப் பம்ப் செய்யவே சூடாக்க வேண்டும். அதற்காகத் தொட்டிகளின் அடியில் நீராவிச் சுருள்கள் ஓடுகின்றன. சுருளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது என்று வையுங்கள். நீராவி ஓடும்போது அது எண்ணெய்க்குள்தான் கசியும், பெரிய கேடில்லை. வால்வை மூடியதும் சுருளுக்குள் எஞ்சிய நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கும். அங்கே வெற்றிடம் உண்டாகும். ஓட்டை வழியே எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். அடுத்தமுறை நீராவி திறக்கும்போது அது தண்ணீரோடு பாய்லரை நோக்கிக் கிளம்பும். வழியில் கண்ணாடி பதித்த அப்சர்வேஷன் டேங்க் ஒன்று இருக்கிறது. வாட்ச்சில் நிற்பவர் டார்ச்சை அடித்து அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பாய்லருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை அதுதான்.

புகைப் பக்கத்தில் கதை மாறுகிறது. புகையின் வெப்பத்தை வீணாக்காமல் நீராவி எடுக்க, புகைக்குழாயில் எகனாமைசர் வைத்திருக்கிறார்கள். புகையை இன்னும் குளிர்வித்தால் இன்னும் நீராவி கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் 160 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் எண்ணெயிலிருந்த கந்தகம் கந்தக அமிலமாகக் குழாய்களின்மேல் வியர்க்கத் தொடங்கும். 2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பை 0.5 சதவீதமாக உலகெங்கும் குறைத்தபிறகு இந்த நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

கரியின் தொல்லை தளரவில்லை. 2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு கப்பல்கள் வேகத்தைக் குறைத்தன. தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி மாறுவதால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே எஞ்சினின் வேலை பாதியாகிவிடும். எண்ணெய்ச் செலவில் பெரிய மிச்சம்தான். ஆனால் புகை மெதுவாக ஊர்ந்தது, எகனாமைசர் குழாய்களில் கரி தேங்கியது. தேங்கிய கரியில் எரியாத எண்ணெயும் கலந்திருந்தால் சுலபமாகத் தீப்பிடிக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் தீ சிறியதாகவே அடங்கும். கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, எஞ்சின் நின்றுவிட்டது என்று சர்க்குலேட்டிங் பம்பை உடனே நிறுத்திவிட்டால் குழாய்கள் வறண்டு சிவக்கும். ஆயிரம் டிகிரியைத் தாண்டியபின் எரிவது கரி மட்டுமல்ல, இரும்பே எரியும். அந்நிலையில் குழாய் உடைந்து கசியும் நீராவி, பழுத்த இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கொடுத்துத் தீயை வளர்க்கும். எஞ்சின் நின்றபிறகும் பம்பை ஓடவிடு என்ற கட்டளையின் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

மதிப்புக் குறைந்தது என்று மேலே ஒதுக்கிய ஜாக்கெட் வாட்டர் வெப்பத்துக்கும் அழகான உபயோகம் ஒன்று உண்டு. சுழற்சியாக மாற்றத்தானே அது உதவாது? கொதிக்கவைக்க உதவும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டரில் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறார்கள். கடல்நீர் 45 டிகிரியிலேயே கொதிக்கிறது. நாளைக்கு 25 டன் நன்னீர் எடுக்க, உள்ளுறை வெப்பமாக ஏறத்தாழ 700 கிலோவாட் வேண்டும். அது முழுவதும் கடலில் கொட்டப்படவிருந்த வெப்பம். குறைந்த வெப்பநிலையில் கொதிப்பதால் படிவும் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: 45 டிகிரியில் கிருமி சாகாது. அதனால்தான் கரையிலிருந்து 20 கடல்மைலுக்குள் இந்தக் கருவியை ஓட்டுவதில்லை, எடுத்த நீரையும் கிருமிநீக்கம் செய்த பிறகே குடிக்கிறார்கள்.

கடைசியாக, எஞ்சினுக்குள் போகும் காற்று. டர்போசார்ஜர் அதை மூன்றரை பாருக்கு அழுத்தும்போது 180 டிகிரிக்குமேல் சூடாகிறது. ஸ்கேவெஞ்ச் ஏர் கூலர் அதை 40 டிகிரிக்கு இறக்குகிறது. 32 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்பரப்பில், 10,000 கிலோவாட் எஞ்சின் ஒன்று மணிக்கு 80 டன் காற்றை இழுக்கும். அதில் கிலோவுக்கு 24 கிராம் நீராவி இருக்கிறது. அழுத்தமும் குளிர்ச்சியும் சேர்ந்தபின் அந்தக் காற்றால் 13 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சம் நாளொன்றுக்கு 20 டன் தண்ணீராகக் கூலருக்குப் பின்னால் கொட்டுகிறது. வாட்டர் மிஸ்ட் கேட்சர் அதைப் பிடித்து வடிகாலுக்கு அனுப்பாவிட்டால், துளிகள் சிலிண்டருக்குள் பறந்துபோய் லைனரின் எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும். லைனர் தேய்வதற்கு அது போதும்.

இந்தக் கூலரில்தான் தலைகீழ்க் கணக்கை நன்றாகப் பழகலாம். வேண்டியவை மூன்று அளவுகள்: கூலருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தத்தின் வேறுபாடு, தண்ணீரின் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு, வெளிவரும் காற்றுக்கும் உள்ளே வரும் தண்ணீருக்கும் இடையிலான வேறுபாடு. எஞ்சின் புதிதாக இருந்தபோது அதே சுமையில் எடுத்த அளவுகளோடு இவற்றை ஒப்பிட வேண்டும். அழுத்த வேறுபாடு கூடியிருந்தால் காற்றுப் பக்கத்துச் செதில்களில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறது, ரசாயனம் தெளித்துக் கழுவ வேண்டும். தண்ணீரின் நுழைவு, வெளியேற்ற வேறுபாடு கூடியிருந்தால் போதிய தண்ணீர் ஓடவில்லை, பம்பையும் வால்வையும் பார்க்க வேண்டும். இவை இரண்டும் பழையபடியே இருக்க, மூன்றாவது மட்டும் விரிந்துகொண்டே போனால் படலம் தண்ணீர்ப் பக்கத்துக் குழாய்களுக்குள் இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் கூலரின் மூடியைத் திறக்க ஆள் சொல்லி வைக்கலாம்.